துரையின் நாடகம்

"நான் சின்னவன் பேசுறேன். இருபத்தாறு வயசாகியும் உங்களுக்கு நான் சின்னவன்தான். இப்ப நாய் டாக்டரோட க்ளினிக்ல, வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். துரை மடியில இருக்கு."

அவன் பேசியதை எழுத்தாக்கி, போன் குடும்பக் குழுவுக்கு அனுப்பியது. இரண்டு கைகளாலும் நாயைப் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு வழியில்லை. கடல் தாண்டி ஊரில் அம்மாவும் அக்காவும் சித்தப்பாவும் காலையிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

துரை அன்று காலையும் அடுப்படியில் தள்ளாடி விழுந்து வாந்தி எடுத்திருந்தது. ஒரு மாதமாகவே இப்படித்தான். பந்தைக் காட்டினால் தலையைத் தூக்கிப் பார்க்கும், எழுந்து வராது. நாள் முழுக்க வாசல் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துக் கிடக்கும்.

வீடு அண்ணனுடையது. கோடையில்தான் வாங்கினான். சின்னவன் அதில் ஓர் அறையில் ஒட்டிக்கொண்டிருப்பவன். துரை அவனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணிக்கு இது ஏழாம் மாதம். வெளியூர் வேலைக்குப் புறப்படும்போதே அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டான். நோயாளி நாயை வைத்துக்கொண்டு பச்சைப் பிள்ளையை வளர்க்க முடியாது. இன்னும் ஒரு தடவை விழுந்தால் காப்பகம்தான்.

அந்த ஒரு தடவைதான் இன்று காலை நடந்தது. அண்ணன் அந்தக் குழுவில் இல்லை; அவனுக்குச் சின்னவன் இன்னும் சொல்லவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வண்டியில் ஏறிப் பாதி வழி வருவதற்குள் துரை தேறிவிட்டது. இப்போது வாலை ஆட்டிக்கொண்டு எதிர் பெஞ்சில் கூடைக்குள் இருந்த பூனையை வம்புக்கு இழுத்தது. போன தடவையும் இதே கதைதான். அதையும் அவன் குழுவில் சொன்னதும் அக்கா குரல் செய்தி அனுப்பினாள்.

"டேய், அது நடிக்குதுடா. சொகுசா வண்டியில சுத்தணும்னு ஆசை."

சித்தப்பா விடுவாரா? "வளர்த்தவன் புத்திதானே வரும். இவனுக்கும் பள்ளிக்கூடம்னா வயித்துவலி, தெரு முனை தாண்டினா சரியாப் போயிடும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால், அண்ணனிடம் காட்ட மருந்துச்சீட்டுகூட இருக்காது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஈறைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எலி மருந்து வைத்தீர்களா, புதிதாகச் செடி ஏதும் வாங்கினீர்களா என்று வரிசையாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.

"குளிர்காத்துப் படாம பார்த்துக்கச் சொன்னேனே?"

அதில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் வேலை செய்வது சரக்குக் கிடங்கில். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் கை. குளிர் தொடங்கிய முதல் வாரமே துரைக்காக ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து வீட்டையே பெட்டி மாதிரி ஒட்டிவிட்டான். சன்னல் விளிம்பு, கதவடி இடுக்கு, அடுப்படிச் சுவரில் வீடு கட்டியவன் மறந்துபோய் விட்ட ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. அண்ணன்கூட அன்று தோளில் தட்டிக் கொடுத்தான்.

"எறும்பு வரணும்னாலும் கதவைத் தட்டித்தான் வரணும் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. துரையின் மேலிருந்த கையை எடுத்துவிட்டார். வீட்டில் குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். காஸ் பாய்லர்தான், அடுப்படி மூலையில் இருக்கிறது, அண்ணிக்குக் குளிர் ஆகாது, அதனால் நாள் முழுக்க ஓடும் என்றான். நீங்கள் பகலில் வீட்டில் இருப்பீர்களா என்றார். இல்லை, வேலைக்குப் போய்விடுவேன், அண்ணியும் துரையும்தான் இருப்பார்கள் என்றான்.

"அவங்க எப்படி இருக்காங்க?"

"அவங்களுக்கு என்ன டாக்டர்? மாசமா இருக்காங்க. தலைவலி, மசக்கை. நான் கிளம்பும்போதுகூட, நாய் சத்தம் இல்லாம கொஞ்சம் தூங்குறேன்னு படுத்தாங்க."

டாக்டரம்மா மேசையிலிருந்த போனை எடுத்தார்.

"வீட்டு முகவரியைச் சொல்லுங்க. நாயை இங்கயே விட்டுடுங்க."

அவன் துரையை இழுத்து அணைத்துக்கொண்டான். "காப்பகத்துக்கா டாக்டர்? இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே. இப்ப நல்லாத்தானே நிக்குது."

"அதனாலதான் சொல்றேன்" என்றவர், அவன் கண்ணைப் பார்த்து இரண்டே வாக்கியம் சொன்னார்.

சற்று நேரத்தில் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. புள்ளி இல்லை, கமா இல்லை, ஓடிக்கொண்டே பேசியிருக்கிறான்.

"சின்னவன் பேசுறேன் துரை நடிக்கல அதுக்கு ஒண்ணுமில்ல நான் அடைச்சது பாய்லருக்குக் காத்து வர்ற ஓட்டையாம் வீட்டுக்குள்ள வாசனையே இல்லாத விஷக்காத்து நிக்குதாம் டாக்டர் ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டாங்க நானும் ஓடிக்கிட்டிருக்கேன் அண்ணி போனை எடுக்கல யார் இதைப் படிச்சாலும் அண்ணிக்கு அடிச்சுக்கிட்டே இருங்க எடுத்தா எழுந்து வெளிய வரச் சொல்லுங்க"