நங்கூரம் நழுவிய இடம்

தலைக்கு மேலே நங்கூரம் இறங்குவதைப் பார்த்ததும் கடற்பசுவுக்கு உயிரே போய்விட்டது.

“ஐயா, நில்லுங்க! இது என் குட்டி மேயுற புல்லு!”

“கப்பல் நிக்க ஒரு இடம் வேணாமா, தாயி?” என்றது நங்கூரம். “புல்லுல எனக்கும் சரியா பிடி கிடைக்காது. பக்கத்துல சேறு இருக்கா?”

இருந்தது. ஆனால் அது கடற்பசு தினமும் படுத்துப் புரளும் இடம். குட்டியை ஒருதரம் பார்த்தது.

“சேறு இந்தப் புல்லு ஓரத்துலதான் இருக்கு.”

“அப்போ நான் அங்க இழுபட்டுப் போறதுல நாலு புல்லு போகும். பொறுத்துக்க.”

நங்கூரம் எதையும் பிடிக்காமல் நழுவிக்கொண்டே போய், சேற்றைக் கவ்விக்கொண்டது.

“அப்பாடா, நின்னுடுச்சு!” என்றான் மேலே மாலுமி.

சாயங்காலம் வயிறு நிறைந்த குட்டியோடு கடற்பசு சேற்றுக்கு வந்தது. நட்டநடுவில் நங்கூரம் கிடந்தது.

“கொஞ்சம் தள்ளிப் படுங்க, ஐயா.”