காளானுக்கு ஒரு வேளைத் தண்ணீர்

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, செல்லதுரை திருடன் மாதிரி கொட்டகைக்குள் நுழைந்தான். கொட்டகை என்னவோ அவனுடையதுதான். வீட்டுக்குள் இருக்கும் பெண்டாட்டி குந்தவைக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

உள்ளே குறுவை வைக்கோல் திணித்த காளான் பைகள் வரிசையாகத் தொங்கின. பயிற்சிக்குப் போய்வந்து குந்தவை தன் கையால் கட்டியவை. கட்டிய வாரமே, ஏழாம் மாதத்தில், வயிற்றுப் பிள்ளை தங்காமல் போயிற்று.

"புள்ளத்தாச்சி வைக்கோல் மூட்டையத் தூக்கலாமா?" என்று துக்கம் கேட்க வந்த சனம் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி, காப்பியும் குடித்துவிட்டுப் போனது.

அன்றிலிருந்து அவள் அழவுமில்லை, பேசவுமில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், மீதி நேரம் சுவரைப் பார்த்தாள். அவன் அடித்த ஜோக்குகளுக்கு அந்தச் சுவராவது சிரித்திருக்கலாம்.

கொட்டகைப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை. ஆனால் இந்தப் பைகளும் காய்ந்து செத்துப்போனால், அவள் உண்டாக்கியதில் ஒன்றுகூட மிஞ்சாதே! அந்தப் பயத்தில்தான் தினமும் விடியலில் இந்தத் திருட்டு.

ஸ்பிரேயரை எடுத்தான். நேற்றுக் காலி செய்து வைத்ததில் பாதித் தண்ணீர் கிடந்தது. 'இந்த வயசுலயே இந்த மறதின்னா, அறுபதுல வேட்டி கட்ட மறந்துட்டுத் தெருவுக்குப் போவேன்' என்று தன்னையே திட்டிக்கொண்டு, அளவாகத் தெளித்துவிட்டு வயலுக்குக் கிளம்பினான்.

வாரக் கடைசியில் கொட்டகை நாறியது. வெள்ளை மொட்டெல்லாம் மஞ்சளாகிக் கொழகொழத்தது. காளான் வித்து கொடுத்த தமிழ்நிலா வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்ணே, காளான் போட்டீங்களா, நடவு நட்டீங்களா? அத்தனையும் அழுகிருச்சு. இந்த மழைக்கு ஒரு வேளை தெளிச்சாப் போதும்னு சொன்னேன்ல?"

"ஒரு வேளைதாம்மா தெளிச்சேன்."

"யார்கிட்ட கதை விடுறீங்க? தரையில கிடக்குற மணலப் புழிஞ்சா ஒரு கொடம் தண்ணி வரும்!"

அவள் போனபின் செல்லதுரை வீட்டுக்குள் வந்தான். இனி மறைக்க முடியாது. நாற்றம் அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது.

குந்தவை வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தான். யோசித்து வைத்திருந்த ஜோக்கை விட்டுவிட்டான்.

"காளான் பூரா அழுகிப்போச்சு புள்ள. நான்தான் கெடுத்தேன். ஒனக்குத் தெரியாம தினம் வெடியக்காலம் போயி தண்ணி தெளிச்சேன்."

குந்தவை சுவரிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். உதடு கோணியது.

"நீங்க வயலுக்குப் போனதும் நானும் தினம் தெளிச்சேங்க!"