அறுபத்தெட்டு யூனிட்

"அறுபத்தெட்டு யூனிட் குறைஞ்சிருக்கு ஜொஹரா! அதுவும் வேனல்ல! இந்தச் சந்துல வேற யாருக்காவது குறைஞ்சிருக்கான்னு கேட்டுப் பாரு!"

முந்தின நாள் மீட்டர் பார்க்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போன பில்லை நூர் முகம்மது காலைச் சாயாவோடு நாலாவது தடவையாகப் படித்தார். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். கஞ்சன் என்றால் கோபம் வரும், சிக்கனம் என்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஈரத்துணியை ஃபேனுக்கடியில் காயப்போட்டதற்காக மனைவியோடு மூன்று நாள் பேசாமல் இருந்த மனுஷன்! மார்கழி வந்தால் ஃபேனுக்கு லீவு. இஸ்திரிப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வேலை, அதுவும் ஜும்ஆவுக்குப் போடும் ஒரே சட்டைக்கு. வேனலில் மட்டும்தான் வருஷாவருஷம் தோற்றுப்போவார். இந்த வருஷம் ஜெயித்துவிட்டார்.

"எப்படிங்க குறைஞ்சுது? ஃபேன் ராப்பகலா ஓடத்தானே செஞ்சது?" என்றாள் ஜொஹரா.

"அது ஒரு வித்தை. சொன்னா நீ விடமாட்டே."

"என்ன வித்தையோ போங்க. விடிஞ்சா பிரிட்ஜுக்கு அடியில தண்ணி நிக்குது. ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கன்னா காதுல விழமாட்டேங்குது."

"வேனல்ல எல்லா பிரிட்ஜும் வேர்க்கத்தான் செய்யும். மெக்கானிக் வாசப்படி ஏறினாலே முந்நூறு கேப்பான்."

வாசலில் இசக்கிசெல்வி வந்து நின்றாள். அடுத்த அறையில் குடியிருப்பவள். சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்து, ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். அவளுடைய மகள் மகாவுக்குப் பதினோரு வயசுதான், அதற்குள் சர்க்கரை வியாதி. தினமும் இரண்டு வேளை ஊசி. மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும், இசக்கியிடம் பிரிட்ஜ் கிடையாது. அதனால் ஊசி மருந்து வைத்த நீல டப்பா இரண்டு வருஷமாக ஜொஹரா வீட்டு பிரிட்ஜில்தான் குடியிருக்கிறது.

"மைனி, அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுங்க."

"புள்ளை எப்படி இருக்கா?"

"ரெண்டு மாசமா சர்க்கரை இறங்கவே மாட்டேங்கு மைனி. தண்ணி தண்ணின்னு கிடக்கா. உடம்பெல்லாம் எலும்பாப் போச்சு. ஊசியைக் கூட்டிப் போடச் சொன்னாவ, கூட்டியும் போட்டாச்சு. எனக்குப் பயமா இருக்கு."

நூர் முகம்மது பில்லை மடித்துப் பையில் வைத்தார். "மருந்தைக் குத்தம் சொல்லாதே இசக்கி. பொண்ணு வாயைக் கட்டணும். பேக்கரி முன்னால ரெண்டு தடவை நின்னதை நானே பார்த்தேன்."

"நெசமாவா அண்ணாச்சி?"

டப்பாவை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பளார் என்று ஓர் அறை விழுந்தது.

"சத்தியமா நான் ஒண்ணும் திங்கலம்மா! சும்மாதாம்மா பார்த்தேன்!"

"உங்க நாக்கைக் கொஞ்சம் அடக்கினா என்ன?" ஜொஹரா சீறினாள். "நோயாளிப் புள்ளைங்க அது."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்? அந்தப் புள்ளை மேல எனக்கு இருக்கற அக்கறை இந்தச் சந்துல எவனுக்கு இருக்கு?"

அது பொய்யில்லை. பிள்ளையில்லாத வீட்டில், "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருகிற ஒரே ஜீவன் மகாதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கிடங்குக்கு ஜொஹராவின் போன் வந்தது. மகா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாளாம். எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம். டாக்டர் அந்த மருந்தைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

வீட்டுக்கு ஓடி, வெயிலில் சூடாகிவிடக் கூடாதே என்று நீல டப்பாவை ஈரத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார் நூர் முகம்மது. எங்கே போனாலும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற மனுஷன், அன்றைக்கு முதல்தடவையாக ஆட்டோக்காரனிடம் பேரம் பேசாமல் ஏறினார். வழியெல்லாம் துஆ ஓதினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், தரையில் உட்கார்ந்திருந்தாள் இசக்கி. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"போயிட்டா அண்ணாச்சி. நான் அடிச்ச கன்னம் வீங்கினபடியே போயிட்டா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த டாக்டர் அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து, மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சேச்சி, குட்டி எதையும் திருடித் தின்னலை. மருந்துதான் வேலை செய்யலை. பாருங்க, உள்ளே தரிதரியா மிதக்குது. இதை எப்பவாவது ஐஸ்ல வச்சீங்களா? இன்சுலின் உறைஞ்சு போனா அதை நம்பவே கூடாது. பச்சைத் தண்ணிதான்."

"ஐஸ்லயா? இல்லவே இல்லைங்க சார்!" இசக்கி பதறினாள். "அண்ணாச்சி வீட்டு பிரிட்ஜுல, கீழ்த்தட்டுலதான் எப்பவும் இருக்கும். தினம் காலையில நானே பார்த்துத்தானே வாங்குதேன். சொல்லுங்க அண்ணாச்சி!"

வேனல் தொடங்கியதிலிருந்து தினமும் ஜொஹரா தூங்கியபின் பிரிட்ஜின் சுவிட்சை அணைத்து, விடியற்காலை சுப்ஹு பாங்கு கேட்டதும் அவள் எழுவதற்குள் போட்டுவிடுவதுதான் நூர் முகம்மதுவின் வித்தை. அணைத்த பிரிட்ஜில் மகாவின் மருந்து மட்டும் கெட்டுவிடக் கூடாதே என்று, அந்த அறுபது இரவும் நீல டப்பாவைப் பத்திரமாக மேலே ஐஸ் அறைக்குள் தள்ளிவைத்துவிட்டு, விடிந்ததும் கீழே எடுத்துவைத்தது அவர் கைதான்.