முப்பத்தொரு ஏக்கர்

கனடாவின் சஸ்காச்சுவானில் அரசு இலவசமாகக் கொடுத்த நிலம் அது. மூன்று வருடத்தில் முப்பது ஏக்கர் உழுதிருந்தால் பட்டா. இல்லாவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும்.

ஆய்வாளர் ஹாமில்டன் அளந்துவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

"முப்பத்தொண்ணு இருக்கு, ஒனுஃப்ரி! சால் நூல் பிடிச்ச மாதிரி போகுது. கூலியாள் வெச்சியா?"

"கூலியாளா? நானும் ரெண்டு மாடும்தாங்க," என்றான் ஒனுஃப்ரி, அடுப்பில் குளிர் காய்ந்தபடி.

"ஏன், நான் உழலையா?" என்றாள் மனைவி பரஸ்கா.

"நீ எங்கடி உழுதே? அந்தக் கோடியில நின்னு கத்திக்கிட்டுல்ல இருந்தே!"

'எல்லா வீட்டிலும் இதே கதைதான்' என்று சிரித்துக்கொண்டே ஹாமில்டன் படிவத்தை நீட்டினார். ஒனுஃப்ரியின் கை காற்றில் துழாவியது. பரஸ்கா அவன் விரலைப் பிடித்துக் கையெழுத்திடும் இடத்தில் வைத்தாள்.

"எப்போதிருந்து?" என்றார் ஹாமில்டன்.

"வந்த முதல் குளிர்காலத்துல காய்ச்சல்ல கண்ணு போச்சுங்க. இவ கூப்பிடுவா, அந்தக் குரலைப் பார்த்து ஏரைப் பிடிச்சு நடப்பேன்."

அந்தக் கோடி அரை மைல் தூரம். ஹாமில்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று நிலத்தையே பார்த்தார்.

பரஸ்கா கவலையோடு அருகில் வந்தாள்.

"முதல் ஏக்கர் மட்டும் கொஞ்சம் கோணல்ங்க. அதையும் கணக்குல சேர்த்துக்கிட்டீங்கல்ல?"