கதவு கேட்ட சொல்

அரசை எதிர்த்துப் போன ஊர்வலத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்திய மறுநாள், வெளிநாடுகள் எல்லாம் ஆழ்ந்த கவலை தெரிவித்தன. ஒரே ஒரு நாடு மட்டும் தன் தூதரகக் கதவைத் திறந்துவிடுவதாகச் சொன்னது. அங்கே அதிகாரிகள் கிடையாது. வாசலில் பேசுவதைக் கேட்டு, உண்மையிலேயே உயிருக்குப் பயந்து வந்தவர் யார் என்று அந்தக் கதவே முடிவுசெய்யும்.

ஊர்வலத்தின் முன்வரிசையில் நடந்த மகள் நிறைமதியை மாசிலாமணி அங்கே கூட்டிப்போனார். நடந்ததையெல்லாம் அவள் கதவிடம் சொல்லி முடித்ததும் பச்சை விளக்கு எரிந்தது. கதவு மெல்ல விலகத் தொடங்கியது.

அவள் திரும்பி, "போறேம்ப்பா" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "கிளம்புறப்ப என்ன பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லும்மா."

அழுகைக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிப்பா, போயிட்டு வரேன்."

கதவு பாதியில் நின்றது. விளக்கு சிவப்பானது.

"திரும்பி வரும் எண்ணம் தங்களுக்கு இருப்பதால், இங்கே ஆபத்து இல்லை என்று கருதுகிறோம். நன்றி" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

"ஐயோ, அது சும்மா சொல்றதுங்க! நான்தாங்க சொல்லச் சொன்னேன்!" மாசிலாமணி இரண்டு கைகளாலும் கதவை அடித்தார்.

எதிர்ச்சாரியில் காத்திருந்த போலீஸ் வேன் பக்கத்தில் வந்து நின்றது. அதில் ஏறியவர்கள் யாரும் இதுவரை வீடு திரும்பியதில்லை. நிறைமதியை உள்ளே தள்ளினார்கள்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து அவள் அப்பாவைத் தேடினாள். இந்தமுறை அவர் சொல்லிக்கொடுக்காமலேயே, "போயிட்டு வரேம்ப்பா" என்றாள்.