கல்லை விட்ட மீன்

"ஈரம் போக நல்லா ஒத்தி எடுங்க. தண்ணி இருந்தா எண்ணெய் தெறிக்கும்" என்றாள் குளோரியா, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி.

டெஸ்மண்ட் வவ்வால் மீன் துண்டுகளைத் துணியால் ஒத்தினார். அவருக்கும் அடுப்புக்கும் முப்பது வருடமாக ஏழாம் பொருத்தம். இன்று மனைவி கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டார்.

காரணம், ஹால் மேஜையில் கிடந்த பழுப்புக் கவர். குளோரியாவின் மார்பில் தட்டுப்பட்ட கட்டியைச் சோதித்த ரிப்போர்ட். "கூட வர்றீங்களா?" என்று அவள் கேட்டதற்கு, "நான் வந்தா மட்டும் ரிப்போர்ட் மாறிடுமா?" என்று டிவியைப் பார்த்தபடி சொன்னவர் இவர்தான்.

நேற்று தனியாகப் போய் வாங்கி வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இவருக்குக் கேட்கத் துணிச்சலில்லை. அப்போதிலிருந்தே உடம்பு மரத்துக் கிடந்தது.

"மிளகாத்தூள், மஞ்சள், உப்பு. எலுமிச்சை ஸ்வல்ப, ரெண்டு சொட்டு போதும்."

தடவினார். தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்ததும் மீனைப் போட்டார். ஒரு சொட்டு தெறித்துப் புறங்கையில் விழுந்தது. சுட்டதாகவே தெரியவில்லை.

"இன்னும் என்னென்ன எனக்குத் தெரியணும்?"

"உங்க பிரஷர் மாத்திரை ஃபிரிட்ஜ் மேல டப்பாவுல இருக்கு. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போட சட்டைங்க அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன்."

வாசலருகே அவளுடைய தையல் மெஷின் கயிற்றால் கட்டித் தயாராக இருந்தது. "அது எங்க போகுது?" என்றார்.

"அத்திபெலேக்கு. அன்னா வீட்டுக்கு."

அன்னா அவள் தங்கை, அங்கே தையல் கடை வைத்திருப்பவள். போகிற உயிர் பொருளைக்கூடப் பங்கு பிரித்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டார். நினைப்பு வந்ததே தவிர, அழுகை வரவில்லை.

கரண்டியை மீனுக்கு அடியில் விட்டு நெம்பினார்.

"நெம்பாதீங்க. ஒட்டிக்கிட்டு இருந்தா இன்னும் வேகலைன்னு அர்த்தம். அடிப்பக்கம் நல்லா வெந்துட்டா அதுவே கல்லை விட்டுடும்."

மீன் ஒட்டிப் பிய்ந்துவிட்டது என்று போன தவக்காலத்து வெள்ளிக்கிழமை தட்டைச் சுவரில் வீசியடித்தவர் அவர். அந்த மஞ்சள் கறை இன்னும் சுவரில் இருந்தது. அதைப் பார்க்காமல் காத்திருந்தார்.

சொன்னபடியே மீன் தானாக விட்டது. புரட்டிப் போட்டு, மறுபக்கமும் சிவந்ததும் தட்டில் எடுத்து வைத்தார்.

குளோரியா ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டாள். "நல்லா வந்திருக்கு. இனிமே நீங்களே செஞ்சுக்குவீங்க."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மசாலாக் கையோடு ஹாலுக்குப் போய்க் கவரிலிருந்து ரிப்போர்ட்டை உருவினார்.

வெறும் கொழுப்புக் கட்டி. புற்றுநோய் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"குளோரியா! உனக்கு ஒண்ணுமே இல்லடி! மாதாவே, ஒண்ணுமே இல்ல!" இப்போதுதான் புறங்கை எரிந்தது. "இதை ஏன்டி நேத்தே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

வெளியே லக்கேஜ் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. குளோரியா கையைக் கழுவிக்கொண்டு, கதவுக்குப் பின்னாலிருந்த பெட்டியை இழுத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஆட்டோவைத் திருப்பி அனுப்பு! அதான் ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சே, மெஷினை எதுக்குத் தூக்கிக் குடுக்கிறே?"

"குடுக்கலைங்க. நான் பொழைச்சுக்கிட்டேன், அதான் நானும் அது கூடவே போறேன்."