டர்போ ஆறட்டும்

அந்தக் காரின் எஞ்சினைப் பிரித்து, வேகம் கூட்ட டர்போ பொருத்தியது நானும் அண்ணனும். கிளப் பந்தயத்தில் ஓட்ட வேண்டியவள் நான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் என் கணவரை என் இருக்கையில் உட்காரவைத்து அனுப்பிவிட்டான் அண்ணன்.

“மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டாரு. எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?” என்றான்.

“எனக்குத்தான் அவர் புருஷன். வண்டிக்கு இல்ல.”

பந்தயம் முடிந்து கடைசி ஆளாக வந்து சேர்ந்தார் என் கணவர். சிரித்துக்கொண்டே சாவியைத் தொட்டார்.

“அணைக்காதீங்க. டர்போ கொதிச்சுப்போய் இருக்கு. உடனே நிறுத்தினா உள்ள ஆயில் கருகிடும். ஆறட்டும்” என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பெல்ட்டை அவிழ்க்கத் தெரியாமல் தடவினார். அண்ணன் குனிந்து அவிழ்த்துவிட்டான், மறுவீட்டுக்கு வந்தவருக்குச் செருப்பை எடுத்து வைப்பதுபோல.

“உங்க தங்கச்சி மூஞ்சியப் பாருங்க மச்சான்” என்றபடி இறங்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து நானே எஞ்சினை நிறுத்தினேன். சாவியை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“ஆறிடுச்சாம்மா?” என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.

“வண்டி ஆறிடுச்சு” என்றேன்.